பொருள் கிடைக்கவில்லை

பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. அதைவிடக் கொடுமை, எழுத்துகள் தெரிந்தன, சொற்கள் பிடிபடவில்லை. சின்னச் சொல் என்றால் தட்டுத்தடுமாறிப் புரிந்துகொள்வார். நீளமாக ஒன்று வந்தால், பின்பாதிக்குப் போவதற்குள் முன்பாதி கை நழுவிவிடும்.

வெளியூரில் இருந்த மகள் மின்நூல் கருவி ஒன்றை வாங்கி அனுப்பினாள். எந்தச் சொல்லின் மேலும் விரலை அழுத்திப் பிடித்தால் அகராதி திறந்து பொருள் சொல்லுமாம். முதல் வாரம் அவர் அதைக் கீழேயே வைக்கவில்லை. ஆனால் அவர் தடுமாறியதெல்லாம் கூட்டுச் சொற்களில்தான், அகராதி கைவிட்டதும் அவற்றில்தான். அழுத்தினால், 'பொருள் கிடைக்கவில்லை' என்று ஒரு கட்டம் வரும். அதையும் எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

மனைவி துணிக்கடையில் அளந்து கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். படிப்பு அவ்வளவாக இல்லை. அழுத்திய சொல்லின் இரு முனையிலும் தெரியும் குறிகளை நகர்த்தினால் பாதிச் சொல்லை மட்டும் பிடிக்கலாம் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். 'முட்புதர்' வந்தது. 'புதர்' கிடைத்தது. 'முட்' கிடைக்கவில்லை. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முள்ளுங்க. கால்ல குத்துமே, அந்த முள்ளு," என்றாள் கடைசியில்.

அவர் வாய் கோணச் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான். அவள் அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதன்பின் தாமே பிரிக்கத் தொடங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணி மடித்துக்கொண்டிருக்கையில் இடக்கையால் கட்டிலைத் தட்டிக் கூப்பிட்டார். திரையில் 'கையறுநிலை' என்றிருந்தது. மூன்றாகப் பிரித்து மூன்றையும் பார்த்து முடித்திருந்தார். கை, உடலுறுப்பு. அறு, வெட்டு. நிலை, இருப்பு. மடியில் செத்துக் கிடந்த வலக்கையை இடக்கையால் தூக்கிக் காட்டினார்.

"இது... இதான்."

"ஐயோ, அதில்லங்க. அதுக்கு வேற அர்த்தம் இருக்கும்," என்றாள். வேறு என்னவென்று அவளுக்குத் தெரியாது. மாடிப்படிக்குப் போய் மகளுக்குப் போன் போட்டாள்.

"ஒண்ணுமே செய்ய முடியாம நிக்கிறதும்மா," என்றாள் மகள். "ஏன், அப்பாவா கேட்டாரு?"

இவள் போனை வைத்துவிட்டாள். திரும்பி வந்து, கை அசந்துபோவதைத்தான் அப்படிச் சொல்வார்களாம், ஓய்வெடுத்தால் சரியாகிவிடுமாம் என்றாள். காலமெல்லாம் அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்தே சோறு தின்ற மனிதர். அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

மழைக்காலத்தில் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. இனி எதுவும் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளப் பாருங்கள் என்று மருத்துவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவர் கருவியைத்தான் தேடினார். எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது நீளச் சொற்களை அவர் தொடவே இல்லை. 'நீர்' என்பதை அழுத்தினார். வந்த விளக்கம் புரியாமல் அதிலிருந்த ஒரு சொல்லை அழுத்தினார். அது இன்னொரு விளக்கத்தைத் திறந்தது. அதிலும் ஒரு சொல்லை அழுத்தினார். கட்டம் மேல் கட்டமாகத் திறந்துகொண்டே போனது, அவர் எங்கே தொடங்கினார் என்பது அவருக்கே மறந்து போனது. விரல் மட்டும் நிற்கவில்லை.

"போதுங்க. வச்சிடுங்க."

அவர் கேட்கவில்லை. அவள் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவர் உதட்டருகே பிடித்தாள். "இதுதாங்க நீர். குடிங்க."

குடித்தார். பாதி தாடை வழியாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் திரையில் விரலை வைத்தார். அவள் ஈரச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள்.