பின்னலில் ஒரு மூக்கு

பின்னல் தப்பிவிட்டது. கயிறு ஒன்றின் மேல் ஏறினால் அடுத்ததன் கீழ் இறங்க வேண்டும். பக்கத்தின் ஒரு மூலையில் வரைந்த கயிறு தொடர்ந்து மேலேயே ஏறியிருந்தது.

மடத்தில் சித்திரம் வரையும் ஃபியாக்னா தூரிகையைக் கீழே வைத்தான். பக்கமாக வெட்டிய கன்றுத் தோல் மெல்லியது, காய்ந்த சிவப்புச் சாயத்தைச் சுரண்டினால் ஓட்டை விழும். மாலை ஜெபத்துக்கு முன் மடத்துத் தலைவர் கோல்கு வருவார். சுவிசேஷப் புத்தகத்தின் ஒவ்வொரு சித்திரத்திலும் வைக்கோல் நுனியை வைத்துக் கயிறு கயிறாகப் போய்ப் பார்ப்பார். பின்னல் தப்பிய பக்கம் புத்தகத்தில் சேராது. வாராக அறுத்து வேறு புத்தகங்களுக்கு அட்டை கட்டிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க அவன் வரைந்த பக்கம் அது.

பக்கத்து மேசையில் வசனம் எழுதிக்கொண்டிருந்த டூபான் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, உன் கயிறு ஏறிக்கிட்டே போகுது? இறங்க மனசில்லையா?"

"மெதுவா பேசுங்கண்ணே. யார் காதுலயாவது விழப்போகுது."

"வாயை மூடினா என்ன தருவே?"

"என்ன வேணும்?"

டூபான் மூக்கைத் தடவிக்கொண்டார். மடத்தில் அதைவிட நீளமான மூக்கு கிடையாது.

"எத்தனை வருஷமா எழுதறேன்! வர்றவன் எல்லாம் உன் படத்தைத்தான் பாக்கறான். தப்பு விழுந்த இடத்துல என் தலையைப் போடு. தப்பும் மறையும், நானும் தெரிவேன்."

வேறு வழி தெரியவில்லை. வரைந்தான்.

"மூக்கைக் குறைச்சிட்டியே."

"இடம் இல்லண்ணே."

"சரி, மத்த மூணு மூலை? ஒண்ணுல மட்டும் தலை இருந்தா தலைவர் சாமி நேரா அங்கதான் கையை வைப்பாரு."

மாலைக்குள் நான்கு டூபான்கள் நான்கு மூலையிலிருந்தும் பார்த்தார்கள்.

கோல்கு வந்தார். வைக்கோல் ஊர்ந்தது. கயிறு ஒரு தாடிக்குள் நுழைந்து காதுக்குப் பின்னால் வெளியே வந்தது. ஒழுங்காகவே வந்தது.

"யார் இவங்க?"

ஃபியாக்னா டூபானைத் திரும்பிப் பார்த்தான்.

"சுவிசேஷம் எழுதின நாலு பேரு, சாமி" என்றார் டூபான்.

"நாலு பேருக்கும் ஒரே மூக்கா?"

"சொன்ன சேதி ஒண்ணுதானே, சாமி."

கோல்கு பக்கத்தைப் பார்த்தார். டூபானைப் பார்த்தார். மறுபடி பக்கத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் உதடு துடித்தது.

"பக்கம் புத்தகத்துல சேரட்டும்."

ஃபியாக்னா மூச்சு விட்டான்.

"ஆனா டூபான், இது பலிபீடத்து மேல இருக்கப்போற முகம். சனங்க முத்தம் குடுப்பாங்க. அந்த மூக்கு பீர்க் குவளைக்குள்ள கிடக்கறதை யாரும் பாக்கக் கூடாது. புத்தகம் முடியற வரைக்கும் உனக்குத் தண்ணிதான். தினமும் உன் பங்கு பீர் ஃபியாக்னாவுக்கு."

மறுநாளிலிருந்து டூபானின் இறகுப் பேனா பறந்தது. சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. வசனம் முடிந்த தோல்கள் ஃபியாக்னாவின் மேசையில் குவிந்தன.

"படத்தைச் சீக்கிரம் போடேன்டா!"

ஃபியாக்னா இரண்டாவது குவளையை நிதானமாகச் சாய்த்தான்.

"பின்னல் வேலைண்ணே. அவசரப்பட முடியுமா?"