அந்தரத்தில் நின்ற விளக்கு

முகம் தெரியாத ஓர் ஆளுக்கு அவள் இன்றைக்கும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றுக்குப் புதிதாக ஒரு சுரங்கத் தொழிலாளியின் உருவத்தைச் செய்து, இணையத்தில் சும்மாவே எடுத்துக்கொள்ளும்படி போட்டவர். ரசிகர்கள் இப்படிச் செய்து சேர்ப்பதை மாட் என்பார்கள். பலரும் தங்கள் கோப்பைப் பூட்டித்தான் வைப்பார்கள். இந்தப் புண்ணிய ஆத்மாவோ, ‘பிரித்துப் பாருங்கள், வெட்டுங்கள், மாற்றுங்கள், என்னைக் கேட்க வேண்டாம்’ என்று கீழே ஒரு வரி எழுதி வைத்திருந்தது.

அவளுக்கு அலமாரி வரைகிற வேலை. மரச்சாமான் கம்பெனி ஒன்றில் உட்கார்ந்து, சமையலறை அலமாரிகளை மாடலிங் மென்பொருளில் வரைந்து கொடுப்பாள். தம்பி எலெக்ட்ரீஷியன், வீட்டில் அவனுக்குக் கரண்டு என்றுதான் பெயர். இருவரும் சேர்ந்துதான் அந்தச் சுரங்க விளையாட்டை ஆடுவார்கள். தம்பி ஆடுவது அந்த மாட் உருவத்தை வைத்துத்தான். அவன் இடது கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவான், அவள் பின்னால் பாறை வெட்டிக்கொண்டு வருவாள். வழி தவறினால் பழி மட்டும் அவள் மேல் விழும்.

போன வருஷம், வேலைக்குப் போன கட்டடத்தில், சரக்கு லிஃப்டின் கதவில் சிக்கி அவனுடைய இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. அத்தனை காலம் மின்சாரத்தோடு மல்லுக்கு நின்றவனை மின்சாரம் ஒன்றும் செய்யவில்லை, ஒரு இரும்புக் கதவு செய்துவிட்டது.

அதற்கப்புறம் அவன் ஆடவே இல்லை. ஒற்றைக் கையால் ஆடுவதற்கென்று இருக்கும் கன்ட்ரோலரை அவளே தேடி வாங்கி வந்தாள். அது பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. பேச்சும் குறைந்துபோயிற்று. ஆரம்பத்தில், இல்லாத விரல்கள் வலிக்கின்றன என்று சொல்லிப் பார்த்தான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். இவளோ, அதையே நினைக்காதே, சரியாகிவிடும் என்பாள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். கொஞ்ச நாளில் அவன் சொல்வதை நிறுத்திவிட்டான். வலி நின்றுவிட்டது என்று இவர்களும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவனே அவள் அறை வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, என் ஆளுக்கும் இடது கையை எடுத்துடுறியா? விளையாட்டைத் திறந்தா ரெண்டு கையோட நிக்கிறான், பாக்கவே எரிச்சலா வருது. எடுத்துட்டா வந்து ஆடுறேன்.”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா காதில் விழுந்தால் வீடு இரண்டாகிவிடும். ஆனாலும் ‘வந்து ஆடுறேன்’ என்றானே, அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தம்பி திரும்பக் கிடைப்பான் என்றால் எதை வேண்டுமானாலும் வெட்டலாம்.

உருவம், சட்டையின் நிறம், நடை, சத்தம் எல்லாம் அந்தக் கோப்பில் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தன. அதை அவிழ்க்கவே தனி மென்பொருள் தேவைப்பட்டது. முதல் தடவை உடம்பு வந்தது, தலை வரவில்லை. அடுத்த தடவை தலை வந்தது, சட்டை வெள்ளையாகிவிட்டது. ஒருவழியாக முழு ஆளும் அவள் திரைக்கு வந்து, கைகளை விரித்து நின்றான். உடம்பெல்லாம் மெல்லிய கோடுகள் பின்னிய வலை. மெஷ் என்பது அதுதான். அலமாரிக்கும் இதே வலைதான், ஆனால் அலமாரிக்கு முழங்கை கிடையாதே என்று முனகிக்கொண்டாள்.

முழங்கைக்குக் கீழே, வலையின் கோடுகள் கூடுகிற புள்ளிகளை அழித்ததும் கை குழாய் மாதிரி வாய் பிளந்து நின்றது. அதை மூட வேண்டும். எந்த வடிவத்தில் மூடுவது? அங்கேதான் அவள் கை ஓடாமல் உட்கார்ந்துவிட்டாள். விபத்துக்கு அப்புறம் ஒரு தடவைகூட அவள் தம்பியின் கையை நேராகப் பார்த்ததில்லை. சாப்பாடு போடும்போதும் அவன் முகத்தைப் பார்ப்பாள், இல்லையென்றால் சுவரைப் பார்ப்பாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனுக்குப் புரிந்துவிட்டது. சட்டையைச் சுருட்டிவிட்டு, மவுஸுக்குப் பக்கத்தில் மேசைமேல் கையை வைத்தான். அலமாரிக்கு அளவெடுக்கிற மாதிரி எடுத்துக்கொள் என்றான்.

முனை உருண்டையாக இல்லை. ஒரு பக்கம் சரிந்து, தையல் போட்ட இடம் உள்வாங்கி இருந்தது. பார்த்துப் பார்த்துப் புள்ளி வைத்தாள். பயந்த அளவுக்கு அதில் ஒன்றுமே இல்லை. அவன் கை, அவ்வளவுதான். அவள் ஓட்டிய சைக்கிளிலிருந்து அவன் விழுந்த பழைய தழும்புகூட முழங்கையில் அப்படியே இருந்தது. நெஞ்சு லேசாகிவிட்டது அவளுக்கு.

மூட்டையை மறுபடி கட்டி, விளையாட்டைத் திறந்தார்கள். கன்ட்ரோலர் பெட்டியை விட்டு வெளியே வந்தது. சுரங்க வாசலில் அவன் ஆள் நின்றான். கை இல்லை. ஆனால் விளக்கு இருந்தது. பழைய உயரத்திலேயே, பிடிக்க ஒன்றுமில்லாமல், அந்தரத்தில் நின்றது. ஆள் நடந்தபோது கைவீச்சுக்கு ஏற்ப அதுவும் முன்னும் பின்னும் ஆடியது.

அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். தப்பு எங்கே என்று உடனே தெரிந்துவிட்டது. அந்த உருவங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத எலும்புக்கூடு ஒன்று உண்டு. விளக்கு அந்த எலும்போடு கட்டப்பட்டது. அவள் மேலே இருந்த வலையை மட்டும் வெட்டியிருந்தாள். அலமாரி வரைகிறவளுக்கு எலும்பின் நினைப்பு எப்படி வரும்.

“தப்பாயிடுச்சுடா, மூடிடு. கையோட எலும்பு உள்ள அப்படியே இருக்கு. சாயங்காலத்துக்குள்ள அதையும் எடுத்துடுறேன்.”

அவன் மூடவில்லை. நடந்தான், நின்றான், திரும்பினான். விளக்கும் திரும்பியது.

“எடுக்காதக்கா. இதைத்தானே நான் சொல்லிட்டிருந்தேன். கை போயிடுச்சு, ஆனா உள்ள இருக்கு. எதையோ இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கு, விட மாட்டேங்குது.”

அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘நினைக்காதே’ என்று எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டோம் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவன் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“இப்ப எந்த விரல் வலிக்குது?”

“கட்டை விரல்,” என்றான் தம்பி. “உள்ளங்கைக்குள்ள மடங்கிக் கிடக்கு.” பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “கேட்டியே, தேங்க்ஸ்க்கா,” என்றான்.

அன்று மத்தியானம் வரைக்கும் ஆடினார்கள். அவன் விளக்கோடு முன்னால் போனான், அவள் வெட்டிக்கொண்டே பின்னால் போனாள், வழி தவறியதற்குத் திட்டும் வாங்கினாள். அந்த வாரமே அவன் டாக்டரிடமும் வலியைச் சொன்னான்; அதற்கென்றே பயிற்சிகள் இருக்கின்றனவாம், செய்துகொண்டிருக்கிறான். சாப்பிட உட்காரும்போது அம்மாகூட, இன்றைக்கு எந்த விரல் என்று கேட்கிறாள். சில நாள் ஒன்றும் இல்லை என்கிறான்.

ஆடி முடித்த அன்றைக்கே அவள் இணையத்தில் அந்த மாட் பக்கத்துக்குப் போய், அதன் கீழே எழுதினாள்: ‘உங்கள் ஆளின் கையை வெட்டினேன். எலும்பு உள்ளேயே நின்றுவிட்டது. நன்றி, நன்றி, நன்றி.’

அதைப் படித்த அந்தப் புண்ணிய ஆத்மாவுக்குத் தலையும் புரிந்திருக்காது, வாலும் புரிந்திருக்காது.