காட்டிக்கொடுத்தவனுக்கு ஒரு மனசு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஐம்பத்தெட்டாம் வருஷம். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். [பெயர் வேண்டாம். சொன்னால் யார் யாரென்று தேடிக்கொண்டு போவீர்கள்.] சங்கம் தொடங்குவதற்காகச் சில பேர் ஆற்றோரம் ரகசியமாகக் கூடினார்கள். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், எல்லோருக்கும் முன்னால், தோட்டத்துத் துரை, கூட்டத்தைக் கூட்டிய வீரபத்திரனுக்குப் பத்துச்சீட்டு கொடுத்துவிட்டார். இனி அவனுக்கு வேலை இல்லை. மாசக் கடைசியோடு குடியிருந்த லயத்துக் காம்பராவும் இல்லை.

கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவன்தான் சொல்லியிருக்க வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் அழகையாவும் அங்கே இருந்தான். ஆத்திரம் தாங்காமல், அந்த ஒருவனுக்கு மாயாண்டி என்று பெயர் வைத்துக் கதை எழுத உட்கார்ந்தான். அந்தக் கதையையும் இந்தக் கதையையும் எழுதுவது ஒரே கைதான். ஆனால் அழகையாவை ‘அவன்’ என்றே சொல்லிவிடலாம். ‘நான்’ என்றால் நீங்கள் சட்டென்று நம்பிவிடுவீர்கள்.

2

முதல் தொடக்கம்: “மாயாண்டி கொடியவன். அவன் கண்கள் ஓநாயின்...” [அடித்தாயிற்று.]

இரண்டாவது: “பேராசை பிடித்த மாயாண்டி பங்களாவை நோக்கிப் பதுங்கிப் பதுங்கி...” [இதையும்.]

மனைவி நாகலெட்சுமி வாங்கிப் படித்தாள்.

“கூத்துல வர்ற அரக்கன் மாதிரியில்ல இருக்கான்? இப்புடி ஒரு ஆளு கூட்டத்துக்கு வந்தா பக்கத்துல உக்கார விடுவாங்களா?”

சரிதான். காட்டிக்கொடுக்கிறவன் நம்மைப் போலத்தான் இருக்க வேண்டும். அழகையா தெரிந்த ஆட்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து மாயாண்டியை உண்டாக்கினான். ஆற்றோரக் கூட்டத்துக்கு வந்திருந்த, ஃபேக்டரியில் வேலை செய்யும் செல்லசாமி பேசுவதற்கு முன் லேசாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டான். அவன் கழுத்து மப்ளரையும் எடுத்தான். காய்ச்சலில் கிடக்கும் ஒரு மகளைக் கொடுத்தான். மழையில் அவளைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது துரையின் கார் வந்து நிற்கிறது. பிறகு இப்படி எழுதினான்:

“தோல் சீட்டின் வாசம் மாயாண்டியின் வயிற்றைப் புரட்டியது. சேறு பட்ட காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. துரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால்தான் மாயாண்டி தானாகச் சொன்னான்.”

எழுதி முடித்தபோது அழகையாவுக்கு மாயாண்டிமேல் இருந்த கோபம் போயிருந்தது. [அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் பட்டீர்களா?]

3

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் கதையை வாசித்தான். மப்ளர் வந்த இடத்தில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. சிரிப்பு வந்த இடத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. கதை முடிவதற்கு முன்பே செல்லசாமி எழுந்து போனான்.

திங்கட்கிழமை, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவன் மனைவி காளியாயியின் குடத்தை யாரோ காலால் தள்ளிவிட்டார்கள். ஃபேக்டரியில் அவன் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்தார்கள். செல்லசாமிக்கும் ஒரு மகள் இருந்தாள். போன மழைக்கு அவளுக்கும் காய்ச்சல் வந்தது. இப்போது துரையின் காரைக் கண்ணால் பார்த்ததாகவே நாலு பேர் சொன்னார்கள்.

செல்லசாமி பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தான்.

“மாஸ்டர், எம் புள்ளைய டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு தோள்லதான் தூக்கிட்டுப் போனேன். எனக்குக் காரு அனுப்புனது யாருங்க?”

“நான்தான்.”

“அப்ப நீங்களே வந்து சொல்லுங்க. இன்னிக்கு வீரபத்திரன் ஆளுங்களோட வர்றானாம்.”

அழகையா அவன் முகத்தைப் பார்த்தான். [இங்கே எழுதுகிறவனே தடுமாறினான். மாயாண்டியை உண்டாக்கியவன் அவன்தான். அப்படியும், ஒருவேளை இவன்தானோ என்று அந்த முகத்தில் மாயாண்டியைத் தேடினான்.]

4

செல்லசாமியின் காம்பரா வாசலில் கூட்டம். கதவு உள்ளே சாத்தியிருந்தது. வீரபத்திரன் கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. அழகையா குறுக்கே போய் நின்றான்.

“வீரபத்திரா, அது கதை. காரு, காய்ச்சல், எல்லாம் நான் கட்டினது. செல்லசாமிகிட்ட இருந்து எடுத்தது சிரிப்பும் மப்ளரும் மட்டுந்தான். சத்தியமா.”

வீரபத்திரன் யோசித்தான். கத்தி மெல்லத் தாழ்ந்தது.

“நம்புறேன் மாஸ்டர். ஆனா ஒண்ணு கேக்கணும். தொரை காருக்குள்ள தோலு நாத்தம் வயித்தைப் பொரட்டும்னு ஒங்களுக்கு எப்புடித் தெரியும்? இந்தத் தோட்டத்துல அந்தக் காருக்குள்ள எவன் ஏறியிருக்கான்?”

“கற்பனை பண்ணினேன்.”

“காலை எங்க வைக்கிறதுன்னு தெரியாம இருந்ததும் கற்பனைங்களா? தொரை கேக்காததால சொன்னதும்?”

செல்லசாமியின் கதவைப் பார்த்து நின்றவர்கள் ஒவ்வொருவராக அழகையாவின் பக்கம் திரும்பினார்கள். உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு திறந்து, செல்லசாமியும் மற்றவர்களோடு சேர்ந்து அவனைப் பார்த்தான்.

அன்று யாரும் அவனைத் தொடவில்லை. வழி விட்டார்கள். மறுநாள் காளியாயியின் குடத்துக்கு முதலில் தண்ணீர் பிடிக்க இடம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை.

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தான். உண்மையான ஆள் பிடிபடுகிறான்... [சௌகரியமாக இருக்கிறது.] அழகையா இறம்பொடைப் பக்கம் வேறு பள்ளிக்கூடம் தேடிப் போகிறான்... [போனால் ஒப்புக்கொண்டது போல ஆகும்.] வீரபத்திரன் மனம் மாறி... [மாசக் கடைசியில் தட்டுமுட்டுச் சாமான்களோடு அவன் ரோட்டுக்கு இறங்கினான். மாஸ்டர் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.]

நடந்தது இவ்வளவுதான். கூட்டம் வழி விட்ட அன்று சாயங்காலம் நாகலெட்சுமி அடுப்படியில் இருந்து வெளியே வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். கதைத் தாள்களை அவன் முன்னால் வைத்தாள்.

“அந்தக் கார்ல எப்பங்க ஏறுனீங்க?”

ஏறினீங்களா என்று கேட்கவில்லை.

அழகையா அவளுக்குப் பதில் சொன்னான். அதை இங்கே எழுதலாம். எழுதினால் நீங்கள் நம்பும்படிதான் எழுதுவான். எப்படி எழுதினால் நம்புவார்கள் என்று இப்போது அவனுக்குத் தெரியும். ஆகவே எழுதவில்லை. நாகலெட்சுமி இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். நீங்களாக இருந்தால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பீர்கள்?