பௌஸி காக்காவின் ஆயுசு

ஸாலிஹ் ஹாஜியாரின் இருதயத்தில் மூன்று அடைப்பு. பைபாஸ் செய்யாவிட்டால் ஒன்றும் சொல்ல ஏலாது என்று டொக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகிவிட்டது. ஹாஜியாரோ அது வேறு யாருக்கோ வந்த வருத்தம் போலவே பேசித் திரிந்தார்.

"எங்கட பரம்பரைக்குக் கத்தி தேவல்ல. பௌஸி காக்காவப் பாருங்க. தொண்ணூத்தாறு வயசு, தொழப் பள்ளிக்கு நடந்து போறார்."

கொழும்பு வெள்ளவத்தையில் அவருடைய கடைக்குப் புடவை பார்க்க வந்தவர்கள் முதலில் இந்தப் பரம்பரையைப் பார்த்தாக வேண்டும். வாப்பா ஐம்பத்தெட்டு வயதில் மௌத்தானது பிழையான மருந்தால். மூத்த நானா போனது கண்ணூறால். அடுத்த அண்ணன் போனது வெயிலால். ஹாஜியார் சொல்லக் கேட்டால், அந்தக் குடும்பத்தில் இதுவரை ஒருவரும் தாமாகச் செத்ததில்லை.

நீண்ட ஆயுளையும் மரபணுவையும் ஆராயும் பல்கலைக்கழகப் பெண் நிம்றா, பரிசோதனைக்கு எச்சில் எடுக்க வீட்டுக்கு வருகிறாள் என்றதும் ஹாஜியார் புதுச் சாரம் உடுத்தார். கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோ அனுப்பித் தன் அண்ணன் பௌஸி காக்காவை அழைப்பித்தார். மனைவி கைருன்னிஸா வட்டிலப்பத்தைக் கொண்டு வந்து வைத்தாள்.

"எச்சில் எடுக்கு முன்ன ஒண்டும் சாப்பிடக்கூடாது ஆன்ட்டி" என்றாள் நிம்றா. வட்டிலப்பம் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே தாய் தகப்பனா அங்கிள்?"

"ஓம் மகள். ஒரே உம்மாட பால்."

"பால் இல்ல. பெத்தது?"

"இவர்ட உம்மா இவரப் பெத்ததும் மௌத்து. பக்கத்து வீட்டுல ஈந்த எங்கட உம்மா, மூத்த நானாவோட சேத்து இவருக்கும் பால் குடுத்தா." ஹாஜியாருக்கு முகம் சிவந்தது. "பால் குடிச்சாக் காக்காதானே! என்ட கூடப்பொறந்த ராத்தாவ இவருக்குக் கட்டிக் குடுக்க ஏலுமா? ஏலா. மார்க்கமே ஏத்துக்கொண்ட உறவ உங்கட மெஷின் ஏத்துக்கொள்ளாதா?"

"உறவு சரி அங்கிள். ஆயுசு அந்த வழியால வராது."

"காக்கா, நீங்க செல்லுங்க இவக்கு."

கடற்கரை ரயில் யன்னல்களை அதிர வைத்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை பௌஸி காக்கா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ட வாப்பாவக் கபுறுக் குழில எறக்கினது நான். நானாமார் ரெண்டு பேரயும் நான்தான் எறக்கின. மூணு பேரும் நெஞ்சப் புடிச்சிக்கொண்டுதான் போனாங்க தம்பி. நீ கண்ணூறு எண்டு சென்ன, வெயில் எண்டு சென்ன. நானும் பேசாம ஈந்துட்டன்."

காக்கா இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார்.

"என்ட கை இன்னும் பெலமாத்தான் ஈக்கி" என்றார் காக்கா. "அதுதான் எனக்குப் பயம்."

நிம்றா சிறிய குழாயை ஹாஜியாரிடம் நீட்டினாள். "உங்கடதும் வேணும் அங்கிள்."

ஹாஜியார் குழாயை வாயருகே கொண்டு போனார். நாற்பது வருடம் கடையில் ஓயாமல் பேசிய வாய் காய்ந்து கிடந்தது. ஒரு துளியும் வரவில்லை. குழாயை மெல்ல மேசையில் வைத்தார்.

"கைருன்னிஸா, டொக்டருக்குக் கோல் எடுங்க."

அவர் சொல்லும் முன்பே அவள் எடுத்திருந்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.