இருட்டில் அமுக்கிய கை

பொன்னேரிக் கேமரா கடையில் விமல் என்கிற கடைக்காரன் பல்லை இளித்து வரவேற்றபோதே எனக்குக் குமட்டியது. நேற்றைய மீன்மேல் தண்ணீர் தெளித்து விற்கிறவனும் இப்படித்தான் இளிப்பான்.

நான், என் மருமகன் லோகேஷ், ஊர்த் தலைவன் மணிகண்டன் மூவரும் போயிருந்தோம். கேமரா என் வலைக்குக் காவல்.

ஏரி முகத்துவாரத்தில் இறால் ஓடும் இடத்தை எங்கள் ஊரில் முறை வைத்துத்தான் பிடிப்போம். அதற்குப் பாடு என்று பெயர். குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அந்த இரவு அந்த இடம் அவனுக்கு. வலையைக் கட்டிவிட்டு, நீர் திரும்பும்வரை கரையில் சாய்ந்திருப்பது வழக்கம். கடைசி இரண்டு முறையும் அந்த நேரத்தில் யாரோ என் வலையில் இறால் சேரும் பையை, அதாவது மடியை, அவிழ்த்து, இறாலை வழித்துக்கொண்டு, பழையபடி கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தொடர்ந்து மூன்று தடவை வெறும் வலை இழுத்தவனுக்கு இனித் தொழில் முடியாது என்று சொல்லிப் பாட்டில் அவனுக்குள்ள பங்கைப் பிடுங்கிக்கொள்வது ஊர்க் கட்டுப்பாடு. வரும் அமாவாசை எனக்கு மூன்றாவது. அது போனால் ஏரியில் எனக்கு இடம் இல்லை. கரையில் உட்கார்ந்து அடுத்தவன் வலையில் நண்டு பிரிக்க வேண்டியதுதான்.

முகத்துவாரத்தில் விளக்கும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. சோலார் தகடு வைத்த கேமரா கட்டினால் வீட்டிலிருந்தே ஃபோனில் பார்க்கலாம் என்று என் மகள் ஜமுனா சொன்னாள். அவள் புருஷன் லோகேஷுக்கு ராத்திரியில் துறைமுகத்தில் காவல் வேலை. எனக்குத் துணைக்கு வர முடியாது. மணிகண்டன் தானாக வந்து ஒட்டிக்கொண்டான். ஒட்டிக்கொள்கிறவனை நான் நம்புவதில்லை.

கடைக்குள் நுழைந்ததும் மணிகண்டன் ஒரு குட்டிக் கேமராவை எடுத்து, "இத்தயே வாங்கிக்கோ சித்தப்பா. அடக்கமா கீது" என்றான்.

"இருட்டுல மூஞ்சி தெரியுமா?"

"சூப்பரா தெரியும் பெரியவரே. பேசறதுகூடக் கேக்கும்" என்றான் விமல்.

பகலில், இத்தனை விளக்கு எரிகிற கடையில், எந்தக் கேமராவுக்குத்தான் தெரியாது?

"பின்னாடி ரூம் இருக்குதில்ல? வெளக்க அணைச்சு அங்க வை. இவங்க ரெண்டு பேரும் உள்ள நிக்கட்டும். நான் இங்க டிவில பாக்கறேன்."

"இன்னா சித்தப்பா, பொண்ணு பாக்கற மாதிரி இம்மாஞ் சோதனை" என்று மணிகண்டன் சிரித்தான்.

"உள்ள போடா."

சரக்கு அறையில் மூன்று கேமராக்களை வரிசையாக வைத்து, இருவரையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினான் விமல். முதலில் மணிகண்டன் எடுத்த கேமரா. திரை முழுக்கக் கறுப்பு, அதில் எறும்பு ஊர்கிற மாதிரிப் புள்ளிகள். இரண்டாவதில் சிவப்புப் பொட்டு விளக்குகள் இருந்தன. கிட்டே நின்ற லோகேஷ் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகத் தெரிந்தது. மூக்கைக் காணோம். பின்னால் நின்ற மணிகண்டனையே காணோம்.

"இத்த வெச்சு பேயத்தான் புடிக்கணும்" என்றேன்.

விமல் அரை மனதாக மூன்றாவதை மாற்றினான். "இது லென்ஸ் பெருசு பெரியவரே. நட்சத்திர வெளிச்சமே போதும். கதவு இடுக்குல வர்றதே இதுக்கு ஜாஸ்தி."

லோகேஷ் சட்டையின் பச்சை நிறம் தெரிந்தது. மணிகண்டன் கழுத்துச் சங்கிலி தெரிந்தது.

உள்ளே இருந்தவர்களுக்கு இருட்டு இருட்டாகவே இருந்தது. பேசினால் கேட்கும் என்பது நினைவிருந்ததால் வாயைத் திறக்கவில்லை. திரையில் மணிகண்டன் பக்கத்தில் நகர்ந்து, கையை நீட்டித் துழாவி, லோகேஷின் மணிக்கட்டைப் பிடித்தான்.

இரவில் ஏரியில் குரல் கொடுத்தால் அக்கரைவரை போகும். அதனால் ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்கள் தொட்டுத்தான் பேசிக்கொள்வார்கள். அது படகுக்குப் படகு வேறு. எங்கள் படகில் தோளைத் தட்டுவோம். மணிகண்டன் அப்பனோடு நான் கொஞ்ச காலம் போயிருக்கிறேன். அவர்கள் மணிக்கட்டை அமுக்குவார்கள். இரண்டு அமுக்கு, கட்டைவிரலால் ஒரு தள்ளு என்றால், இந்த இடம் வேண்டாம், கிளம்பு. சரி என்பதற்கு மற்றவன் சுண்டுவிரலைப் பிடித்து இழுப்பான்.

மணிகண்டன் இரண்டு தடவை அமுக்கித் தள்ளினான். ராத்திரியெல்லாம் துறைமுகத்தில் காவல் இருக்கும் என் மருமகன், கொஞ்சமும் தடுமாறாமல் அவன் சுண்டுவிரலை இழுத்தான்.

கரையில் உட்கார்ந்து யாரும் அதைக் கற்றுக்கொள்ள முடியாது.

அந்த இரண்டு இரவுக்கும் மறுநாள் எங்கள் வீட்டில் இறால் தொக்கு. வேலை செய்கிற இடத்தில் கொடுத்தார்கள் என்று லோகேஷ் கொண்டுவந்தான். எப்படி இருக்கு மாமா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். நான் விரலை நக்கிச் சாப்பிட்டேன். இப்போது கடைக்கு வெளியே போய்ச் சாக்கடையில் துப்பினேன். அந்த ருசி போகவில்லை. மறுபடி துப்பினேன்.

திரும்பி வந்தபோது இருவரும் அறையை விட்டு வெளியே வந்திருந்தார்கள்.

"இது சரிப்படாது மாமா. கெளம்பலாம்" என்றான் லோகேஷ்.

நான் விமலிடம் மூன்றாவதைக் கட்டச் சொன்னேன்.

"ஊர் எடத்துல கம்பம் நடணும்னா கூட்டம் போட்டுக் கேக்கணும் சித்தப்பா" என்றான் மணிகண்டன்.

"என் படகுலயே கட்டிக்கறேன். என் முறையில என் படகு அங்க நிக்கலாமில்ல?"

அவன் தெருவைப் பார்த்தான்.

"எந்த ஃபோன்ல போடணும்?" என்று விமல் கேட்டான். லோகேஷ் தன் ஃபோனை நீட்டினான்.

"அது வேணாம். ஜமுனா ஃபோன்ல போடு."

"அவளுக்கு இன்னாத்துக்கு மாமா? தூங்கற நேரம்."

"மணிக்கட்டு வலிக்குதா?" என்று கேட்டேன். "ரெண்டு வாட்டி அமுக்கினானே."

லோகேஷ் கையைப் பின்னால் கொண்டுபோனான். மெதுவாகச் சொன்னான். "உங்க பங்க வாங்கி என் பேர்ல போட்டுத் தரேன்னு தலைவர் சொன்னாரு மாமா. வீட்டுக்குள்ளதான இருக்கப் போவுது."

"வீட்டுக்குள்ளதான்டா இருந்துச்சு. எனக்கப்புறம் வேற யாருக்கு? என் வலைய அவுத்து எனக்கே சோறு போட்டியே, த்தூ."

விமலுக்கு எங்கள் வழக்கு எதுவும் புரியவில்லை. ஜமுனாவின் நம்பரைக் கேட்டான். எனக்கு அது மனப்பாடம் கிடையாது.

"சொல்லு" என்றேன் லோகேஷிடம்.

தரையைப் பார்த்துக்கொண்டு, தன் பெண்டாட்டியின் நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னான். பாதியில் நின்றான்.

"மீதி?" என்றேன்.