மைக்கில் வந்த சிரிப்பு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டால், திங்கட்கிழமை காலை வரைக்கும் இருதயமேரி டீச்சருக்குப் பேச ஆள் கிடையாது. பஸ்ஸில் கண்டக்டர் "எங்கம்மா?" என்பார். "திண்டிவனம்" என்பாள். அதோடு வாய்க்கு வேலை முடிந்தது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அவள் வீடு. கணவர் ஆரோக்கியராஜ் இறந்து மூன்றாவது வருஷம். பிள்ளைகுட்டி இல்லை. ரயில் போகிறபோது சன்னல் கம்பிகள் கொஞ்சம் பேசும், பிறகு அவையும் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் எல்லாரோடும் சேர்ந்து பாடலாம். ஆனால் பாடுவது பேசுவது ஆகுமா, சொல்லுங்கள்.

விழுப்புரத்தில் சனிக்கிழமைதோறும் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி என்று தகவல் வந்தது. மற்றவர்கள் "சனிக்கிழமையையும் கெடுக்கணுமா" என்று நழுவினார்கள். மேரி டீச்சர் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். மனசு நொந்த பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, காது கேளாத பிள்ளை, கண் மங்கின பிள்ளை, மெதுவாகப் படிக்கிற பிள்ளை எல்லாரையும் ஒரே வகுப்பில் வைத்துக்கொண்டு எப்படிப் பாடம் நடத்துவது, இதுதான் பயிற்சி. கவுன்சிலிங், உள்ளடக்கிய கல்வி என்று அதற்குப் பேர். தலைமையாசிரியர் விருத்தாசலம், "மேரி டீச்சருக்கு இந்த வயசுலயும் படிப்புல எவ்ளோ ஆர்வம்" என்று மெச்சிக்கொண்டார். ஆர்வம் இல்லை, செல்வங்களே. அந்தச் சனிக்கிழமைதான் காரணம்.

அவளுடைய பள்ளிக்கூடம் திருவக்கரைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. அங்கே ஏழாம் வகுப்பில் கலைப்பிரியா என்று ஒரு பெண். முதல் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் அவள் வாய் திறந்ததில்லை. வருகை கூப்பிட்டால் கையைத் தூக்குவாள். காது நன்றாகக் கேட்கிறது, நாக்கிலும் குறை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் வாய் ஓயாதாம். வாசலைத் தாண்டிப் பள்ளிக்கூடப் பக்கம் திரும்பினால் பூட்டுப் போட்டதுபோல ஆகிவிடும். ஒரு வாத்தியார் அடித்துப் பார்த்தார். இன்னொருவர் மிட்டாய் கொடுத்துப் பார்த்தார். பிள்ளைகள் 'ஊமச்சி' என்று பேர் வைத்துவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள்.

பயிற்சி நடத்திய சித்ரா மேடம் புதுச்சேரிக்காரர், மேரி டீச்சரைவிடச் சின்னவர். இப்படிப்பட்ட பிள்ளையைப் பேசு பேசு என்று நெருக்காதீர்கள், கேள்வி கேட்காதீர்கள், முகத்தையே பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள், பக்கத்தில் சும்மா உட்காருங்கள் என்றார். சும்மா உட்காருவது மேரி டீச்சருக்குத் தெரிந்த வேலைதான். வீட்டில் தினமும் செய்கிறாளே.

கலைப்பிரியா மத்தியானத்தில் சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் வேப்பமர நிழலில் தனியாக உட்காருவாள். மேரி டீச்சரும் அங்கே போய், அவித்த வேர்க்கடலையை, அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள், நடுவில் வைத்து, தன்பாட்டுக்கு உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். பிள்ளையும் எடுத்துத் தின்னும். பேச்சு இல்லை. ஆடி போய் ஆவணி பிறந்தது. ஒருநாள் டீச்சர் ஒரு பருப்பை வாயருகே கொண்டுபோனபோது பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒரு குரல் வந்தது.

"டீச்சர், அது சொத்த."

மேரி டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. பருப்பைத் தூர எறிந்துவிட்டு, "ஆமா" என்றாள். அடுத்ததை உரித்தாள்.

அதற்குப் பிறகு அந்த மரத்தடியில் கதைதான். வேறு யாராவது வந்தால் நின்றுவிடும், போனதும் மறுபடி ஊறும். ஒருநாள் வீட்டு ஆட்டைப் பற்றிச் சொன்னாள். "அம்மா சித்தாள் வேலைக்குப் போய்ட்டு வந்து அசந்து தூங்கிக்கினு இருந்துச்சா. தலைல பூவு. ஆடு மெதுவா வந்து, ஒவ்வொரு பூவா பிச்சித் தின்னுக்கினே கீது. அம்மா நான்தான் தலை வார்றேன்னு நெனச்சிக்கினு, 'மெதுவா வாரு பாப்பா'ன்னுது." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னொரு தபா சொல்றியா? போன்ல எடுத்துக்கறேன்."

பிள்ளை யோசித்தாள். "யாருக்குனா போட்டுக் காட்டுவீங்களா?"

"எங்க வூட்டுல நான் ஒருத்திதான். யாருக்குப் போடப்போறேன்?"

பொய் இல்லை. டீச்சர் அப்படி நினைத்துத்தான் சொன்னாள். பிறகு சாயங்காலம் வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டதும், அந்தக் கதையைப் போடுவாள். அரிசி களைகிறபோது ஒருமுறை, சாப்பிடுகிறபோது ஒருமுறை. கடைசியில் வருகிற அந்தச் சிரிப்புக்காக. ஒரு பிள்ளையின் சிரிப்பு கேட்டால் வீடு வேறு வீடாகிவிடுகிறது.

பயிற்சியில் ஒவ்வொருவரும் தாங்கள் கவனித்த ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும், பேரை மாற்றிச் சொல்ல வேண்டும். மேரி டீச்சர் தன் முறை வந்தபோது, கலைப்பிரியாவுக்கு 'ஆர்த்தி' என்று பேர் வைத்துச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஜெகதீசன் சார் கேலிக்காரர். வேறொரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார்.

"பேசுதுன்னு நீங்க சொல்றீங்க டீச்சர். எங்க ஊர்ல ஒருத்தரு தன் கோழி இங்கிலீஷ் பேசுதுன்னாரு. போய்ப் பார்த்தா குழம்புல கொதிச்சிக்கினு இருக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். மேரி டீச்சரும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் கை போனை எடுத்துவிட்டது.

ஆடு பூவைத் தின்றது. அம்மா 'மெதுவா வாரு பாப்பா' என்றாள். பிள்ளை சிரித்தது. பின்வரிசையில் ஒரு டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஜெகதீசன் சார்தான் எழுந்து நின்று முதலில் கை தட்டினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அன்றைக்கு மேரி டீச்சரைச் சுற்றிக் கூட்டம். ஒருவர் புளிசாதம் வைத்தார், ஒருவர் முட்டை வைத்தார். "எங்க கிளாஸ்லயும் ஒண்ணு கீது டீச்சர், அதுக்கு இன்னா பண்றது" என்று ஒருவர் கேட்டார். அவளிடம் யாரும் யோசனை கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இலையில் இடமில்லாத அளவுக்குச் சாப்பாடு, காது கொள்ளாத அளவுக்குப் பேச்சு.

"நம்ம குரூப்ல போட்டுவுடுங்க டீச்சர். எங்க ஸ்டாஃபுங்களுக்குக் காட்டறேன்" என்றார் ஜெகதீசன் சார்.

சோற்றுக்கை. இடது கை விரலால் அழுத்தினாள். போய்விட்டது.

சித்ரா மேடம் பேரை மாற்றச் சொன்னார், இவளும் மாற்றினாள். குரலை எப்படி மாற்றுவது என்று யாரும் யோசிக்கவில்லை. நம் வாத்தியார்மார்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஒரு பழக்கம். நல்லதைக் கண்டால் நாலு பேர் முன்னால் நிறுத்திக் கை தட்ட வேண்டும். முதல் மார்க்கா, நிறுத்து, தட்டு. கையெழுத்து திருந்திவிட்டதா, நிறுத்து, தட்டு. அதில் வஞ்சகம் கிடையாது. அதுவே அவர்களுக்குத் தெரிந்த அன்பு.

திங்கட்கிழமை பஸ் தாமதம். மேரி டீச்சர் இறங்கும்போதே காலை வழிபாடு நடந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியர் மைக்கில் பேசுவது ரோடு வரைக்கும் கேட்டது. தினமும் கேட்பதுதானே என்று குடையை மடக்கிக்கொண்டு நடந்தாள். பேச்சு நின்றது. கரகரவென்று ஒரு சத்தம். பிறகு ஊரெல்லாம் கேட்கும்படி, "அம்மா சித்தாள் வேலைக்குப் போய்ட்டு வந்து அசந்து தூங்கிக்கினு இருந்துச்சா..."

மேரி டீச்சர் ஓடினாள். அந்த உடம்போடு ஓடி எத்தனை வருஷமோ. கேட்டைத் தள்ளி உள்ளே போகும்போது சிரிப்பு வந்துவிட்டது. பாதி ராத்திரியில் விழிப்பு வந்தால் அவள் மட்டும் போட்டுக் கேட்கிற சிரிப்பு, ஒலிபெருக்கியில் தகரத்தை உருட்டினதுபோல வந்தது.

"இதோ, மேரி டீச்சரே வந்துட்டாங்க" என்றார் விருத்தாசலம் சார். முகமெல்லாம் பெருமை. "நம்ம கலைப்பிரியாவைப் பேச வெச்சவங்க. எல்லாரும் நல்லா கை தட்டுங்க."

தட்டினார்கள். பள்ளிக்கூடம் முழுக்க ஏழாம் வகுப்பு வரிசையைத் திரும்பிப் பார்த்தது. "பேசுடி, இன்னொரு தபா ஆடு கதை சொல்லுடி" என்று முன்னால் நின்ற பெண் அவள் கையைக் குலுக்கினாள். கலைப்பிரியா தலையைத் தூக்கி மேரி டீச்சரை ஒருமுறை பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. சரியான விலாசத்துக்குத்தான் வந்தோமா என்று சரிபார்க்கிறவர்களைப்போல ஒரு பார்வை. பிறகு தலை குனிந்துகொண்டது.

"நல்லதுதானம்மா பண்ணேன்" என்றார் தலைமையாசிரியர் பிறகு. டீச்சர் ஏன் அழுகிறாள் என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "எந்தெந்த குரூப்லயோ சுத்தி எனக்கே வந்துச்சு, நம்ம ஸ்கூல்ல பேசாத புள்ள யாருன்னு எனக்குத் தெரியாதா. மாவட்டம் பூரா நம்ம ஸ்கூல் பேரு போயிக்கினு இருக்குது."

மறுநாளிலிருந்து பிள்ளை வரவில்லை. அந்த வாரக் கடைசியில் அவள் அம்மா பாஞ்சாலி வந்தாள். வேலைக்குப் போகிற வழியில், சிமெண்ட் படிந்த சட்டையைப் புடவைமேல் போட்டபடி.

"பேஜாரு பண்ணுது டீச்சர். ஸ்கூலுன்னாலே போர்வைய இழுத்து மூடிக்குது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "ஆனா நீங்க நல்லா இருக்கணும். வானூராண்ட கட்டடத்துல எங்க மேஸ்திரி போன்ல போட்டுக் காட்னாரு. என் பொண்ணுதான் இதுன்னேன். நம்பமாட்டேன்றாங்க. அந்த ஊமப்பொண்ணான்னு கேக்கறாங்க. ஆடு பூ தின்னது எனக்கே தெரியாது டீச்சர், அதைக் கேட்டுத்தான் தெரியும்."

அவள் திட்டியிருந்தால் மேரி டீச்சர் வாங்கிக்கொண்டிருப்பாள். இவள் நன்றி அல்லவா சொல்கிறாள். "தப்பு என் மேல பாஞ்சாலி" என்றாள். பாஞ்சாலிக்கு விளங்கவில்லை. "தப்பு இன்னா கீது. அது அப்டித்தான், சரியாப் பூடும். ஒரு தபா வூட்டாண்ட வாங்க. வூட்ல நல்லாத்தான் பேசிக்கினு கீது."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, போனிலிருந்த அந்தக் கதையை அழித்தாள். கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டு அழிக்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை. யார் யாருடைய போனிலோ இருக்கிறது, மேஸ்திரிகூட வைத்திருக்கிறார். அதை விரும்பிக் கேட்டவள் வீட்டில் மட்டும் இல்லை. சோறு குழைந்துபோனது. தெரியாமல் அதையே சாப்பிட்டாள்.

சனிக்கிழமை விழுப்புரத்தில் சித்ரா மேடத்திடம் தனியாக நின்று சொன்னாள். அவருக்கும் முகம் சுண்டிப்போனது. "நான் அன்னிக்கே தடுத்திருக்கணும் மேரி மேடம். நானும்தான் கை தட்டினேன்" என்றார். "இப்ப இன்னா பண்றது?" என்று கேட்டாள் டீச்சர். "தெரியல. மன்னிப்பு கேளுங்க. அதுக்கு மேல எனக்கு உண்மையிலேயே தெரியல." ஜெகதீசன் சார் தன் போனில் இருந்ததை அழித்துவிட்டு, எதிரே வராமல் வேறு வழியாகக் கேண்டீனுக்குப் போனார்.

கலைப்பிரியா ஒருவழியாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மத்தியானம் மரத்தடிக்கு வரவில்லை. குழாயடியில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டாள். மேரி டீச்சர் பக்கத்தில் போனாள்.

"யாருக்கும் போடமாட்டேன்னு சொன்னேன். போட்டுட்டேன். எல்லாரும் என்கிட்ட பேசினாங்க, அது எனக்கு நல்லா இருந்துச்சு, அதான். மன்னிச்சிடு கண்ணு."

பிள்ளை தட்டைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள். தினமும் மரத்தடியில் மல்லாட்டை விரித்துவைத்தாள் டீச்சர். அணில்கள் வந்தன. ஐப்பசி மழை வந்து மரத்தடியில் உட்காரவும் இடமில்லாமல் ஆனது.

பயிற்சி முடிகிற வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் மேரி டீச்சர் திருவக்கரை பஸ்ஸில் ஏறினாள். அன்றைக்கு அமாவாசை. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் கூடையும் எலுமிச்சம்பழமுமாக நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் முடியாதது வீட்டில் முடியலாம். ஒரு வார்த்தை. திட்டாக இருந்தாலும் சரி. அதை மட்டும் நினைத்துக்கொண்டு இறங்கினாள்.

தெருக்கோடியில் தகரக்கூரை வீடு. வேலி ஓரம் வரும்போதே குரல் கேட்டது. கலைப்பிரியாதான். பெரிய குரல், மூச்சு விடாத குரல்.

"அந்த டிரைவரு இறங்கிப் பாக்கறாரு, டயரே இல்ல. கண்டக்டரு இன்னா சொல்றாரு தெரியுமா, 'யோவ், டயரு நம்மளுக்கு முன்னாடியே வானூர் போயிட்ச்சுய்யா'ன்றாரு. அந்த ஆயா இருக்குதே, அது..."

மேரி டீச்சர் நின்றுவிட்டாள். உள்ளே காலடி எடுத்து வைத்தால் அந்தக் குரல் நின்றுவிடும். அந்த வீடு ஒன்றுதான் பிள்ளைக்குப் பேச மிச்சமிருக்கிற இடம். வேலிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கவும் மனசு இடம் கொடுக்கவில்லை. இதுவும் அவளிடம் கேட்காமல் எடுப்பதுதானே.

திரும்பி நடக்கப் போனபோது பாஞ்சாலி குடத்தோடு வெளியே வந்துவிட்டாள். டீச்சரைக் கண்டதும் முகம் மலர்ந்து, கூப்பிட வாய் திறந்தாள். மேரி டீச்சர் வேண்டாம் என்று கையை அசைத்தாள். பாஞ்சாலி குடத்தை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றாள். டீச்சரின் முகத்தைப் பார்த்தாள், வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே கதை நின்றது. பிள்ளையின் குரல் "யாரும்மா?" என்று கேட்டது.

"யாருமில்ல பாப்பா" என்றாள் பாஞ்சாலி. "நீ சொல்லு."