மூன்று வார வகுப்பும் நூற்றெண்பது மீட்டர் துணியும்

எங்கள் வீட்டுக்காரர் துணிக்கடை வைத்திருக்கிறார். எதைப் பார்த்தாலும் மனசுக்குள் ஒரு தடவை அளந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். பெண் பார்க்க வந்த அன்றும் என்னை அப்படித்தான் பார்த்தார். புடவையைப் பார்த்தேன் என்று இன்றுவரை சாதிக்கிறார்.

நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் ஃபைல்களைப் பாதுகாக்கும் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் மேற்பார்வையாளர் ஓய்வு பெறப் போகிறார். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நிர்வாகமே சொல்லிவிட்டது, நாற்பது நாளுக்குள் பட்டப்படிப்பை முடித்ததற்கான சான்றிதழைக் காட்ட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. காட்டாவிட்டால் வெளியிலிருந்து யாரையாவது கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். அந்த ஆளுக்கு எந்த அலமாரி எங்கே இருக்கிறது என்று நான்தான் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். 

ஆறு வருடமாக மாலை வகுப்புக்குப் போய் எல்லாப் பாடமும் தேறிவிட்டேன். புள்ளியியல் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. அடுத்த செமஸ்டரில் எழுதலாம் என்றால் ஐந்து மாதம் ஆகும். நல்லவேளையாக, இரண்டு செமஸ்டருக்கு நடுவில் அதே பாடத்தைக் கல்லூரியில் மூன்றே வாரத்தில் நடத்துகிறார்கள் என்று தெரிந்தது.

"அஞ்சு மாசத்துக்கு ஒரு ஃபீஸுன்னா, மூணு வாரத்துக்கு அதுல ஏழுல ஒரு பங்கு. அதுவும் இது நடுவுல மிஞ்சின துண்டு. ரோல் தீர்ற இடத்துல மிஞ்சுற துண்டை நாங்க பாதி விலைக்குத்தானே தள்ளுவோம்? நான் வந்து பேசுறேன், நீ வாயைத் திறக்காதே" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

பேசினார். கட்டணப் பிரிவில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் கறாராக உட்கார்ந்திருந்தார். பாடத்துக்கான முழுக் கட்டணம், செமஸ்டர் இல்லாத காலத்தில் சேர்வதற்குத் தனிப் பதிவுக் கட்டணம், விடுமுறையில் கம்ப்யூட்டர் அறையைத் திறப்பதற்கு ஒரு கட்டணம், நூலகத்துக்கு ஒன்று, தேர்வுக்கு ஒன்று. என் அடையாள அட்டை செமஸ்டரோடு காலாவதியாகிவிட்டதாம், மூன்று வாரத்துக்குப் புதிய அட்டை, அதற்கும் ஒன்று. கூட்டிப் பார்த்தால் ஐந்து மாதப் படிப்பைவிட அதிகமாக வந்தது.

"என்னம்மா இது, துண்டுக்கு முழுத் துணியைவிட விலை அதிகமா?" என்று இவர் குரலை உயர்த்தினார்.

"நீங்க என்ன வியாபாரம் பண்றீங்க?"

"துணிக்கடை."

"ஒருத்தர் வந்து கால் மீட்டர் வேணும்னு கேட்டா வெட்டித் தருவீங்களா?"

"ஒரு மீட்டருக்குக் கீழே வெட்ட மாட்டோம். கால் மீட்டர் போதும்னாலும் ஒரு மீட்டருக்குத்தான் பில்."

"நாங்களும் அப்படித்தான்" என்றபடி அந்த அம்மா ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தார். எங்கள் வீட்டுக்காரர் வாயடைத்து நின்றதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைத்திருந்தது. அந்த ஒரு நிமிடத்துக்கே அந்தக் கட்டணம் தகும் என்று தோன்றியது. பிறகு, வாஷிங் மெஷினுக்காகச் சேர்த்த பணம் முழுவதும் போய், மிச்சத்துக்கு அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவர் கணக்கை வேறு மாதிரிப் போட்டார். கட்டிய பணத்துக்கு நல்ல சட்டைத் துணி நூற்றெண்பது மீட்டர் வாங்கலாம். வகுப்பு பதினைந்து நாள், நாளுக்கு மூன்று மணி நேரம். ஆக, ஒரு மணி நேரத்துக்கு நாலு மீட்டர். அன்று முதல் எங்கள் வீட்டில் படிப்புக்கு வேறு அளவே கிடையாது.

"இன்னிக்குப் பன்னிரண்டு மீட்டரும் புரிஞ்சுதா?"

"பத்து மீட்டர் புரிஞ்சுது. ரெண்டு மீட்டர் தூங்கிட்டேன்."

"அடிப்பாவி!"

வகுப்பு காலை ஏழரைக்கு. கடை திறக்கும் முன் என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆசிரியர் வரும் வரை வராந்தாவில் காவல் நிற்பார். ஆசிரியருக்கு முப்பது வயது இருக்கும். விடுமுறையில் வேலை வாங்குகிறார்களே என்ற அலுப்பு முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும், பெரும்பாலும் தாமதமாகத்தான் வருவார். எங்கள் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஆர்டர் எடுக்கும் குட்டி நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு போவார். என் பிள்ளை வயதில் இருக்கும் சக மாணவர்கள் இவருக்கு 'மீட்டர் மாமா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான்தான் போய் உளறியிருந்தேன்.

ஆசிரியர் தாமதமாக வந்தாலும் விதிகளில் மட்டும் மகா கண்டிப்பு. ஏழு நாற்பதுக்குக் கதவைச் சாத்திவிடுவார். அதற்கு மேல் வந்தால் அன்றைக்கு ஆப்சென்ட். இங்கே ஒரு நாள் செமஸ்டரில் ஒரு வாரத்துக்குச் சமம் என்பதால், இரண்டு ஆப்சென்ட் ஆனால் பெயரை அடித்துவிடுவார்கள். பணமும் திரும்பாது.

முதல் ஆப்சென்ட்டை எனக்கு வாங்கித் தந்தவர் சாட்சாத் என் கணவர். ஆறாவது நாள் கடையில் சரக்கு இறக்க வேண்டும் என்று விடியற்காலையிலேயே கிளம்பினார். பல வருடமாகக் கடையைப் பூட்டிப் பழகிய கை, வாசலைத் தாண்டியதும் வீட்டையும் பூட்டிவிட்டது. நான் கொல்லைப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சுற்றிலும் ஆள் உயர மதில். சரக்கு இறங்கும்போது அவர் போனையும் எடுக்க மாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கடைக்கே ஓடிப்போய் அழைத்து வந்தபோது மணி ஒன்பதரை.

"பன்னிரண்டு மீட்டர்" என்றேன். அசடு வழிய நின்றவர் அன்று இரவு சாப்பாட்டையும் அவரே சமைத்தார். தண்டனை எனக்கா அவருக்கா என்று சாப்பிட்ட பிறகும் தெரியவில்லை.

பதின்மூன்றாவது நாள் பாதி வழியில் டயர் பஞ்சர். வண்டியை ஒரு கடை வாசலில் சாத்திவிட்டு இருவரும் ஓடினோம். நாற்பத்தாறு வயதில் ஓடுவது எனக்கே ஒரு செய்திதான். போய்ச் சேர்ந்தபோது ஏழு நாற்பத்தைந்து. கதவு சாத்தியிருந்தது.

அந்த நாற்காலி, ஆறு வருடம், எல்லாம் ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. "விடுங்க, வாங்க போகலாம்" என்றேன். அவர் கதவைத் தட்டினார். ஆசிரியர் திறந்தார்.

"சார், அஞ்சு நிமிஷம்தான் லேட்டு."

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதாங்க."

"எல்லாருக்குமா சார்?" என்று அவர் நோட்டை எடுத்தார். "நான் நின்னு பார்த்தது பதினோரு நாள். நீங்க மொத்தம் அறுபத்தாறு நிமிஷம் லேட்டு. நாளுக்கு ஆறு. ஒருநாள் பதினெட்டு நிமிஷம். அன்னிக்கு நாங்க யாரும் கதவைச் சாத்தலையே சார்."

வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் அவர் குரல் நடுங்கியதைக் கவனித்தேன். நூறு மொத்த வியாபாரிகளோடு மல்லுக்கட்டியபோதும் நடுங்காத குரல் அது. இந்த மனுஷர் பணத்துக்காகப் பேசவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

ஆசிரியர் நோட்டை வாங்கிப் புரட்டினார். காது சிவந்து போனது. பிறகு, "உள்ளே வாங்கம்மா" என்றார். அதோடு விட்டிருக்கலாம். அந்தப் பதினோரு எண்களையும் கரும்பலகையில் எழுதி, சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். என் மானம் கப்பலேறியது போதாதென்று கரும்பலகையிலும் ஏறியது. இரண்டு செமஸ்டராக மண்டையில் ஏறாத அந்தப் பாடம் அன்றைக்கு ஏறிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மிச்சமிருந்த இரண்டு நாளும் ஆசிரியர் ஏழு இருபத்தைந்துக்கே வந்து நின்றார்.

தேர்வில் ஐம்பத்து மூன்று. தேற ஐம்பது போதும். மூன்று மதிப்பெண் வீண் செலவு என்று இவர் சொல்வாரோ என்று பார்த்தேன், சொல்லவில்லை. சான்றிதழை முப்பத்தெட்டாவது நாள் அலுவலகத்தில் கொடுத்தேன். மறுநாள் மத்தியானம் உத்தரவு கைக்கு வந்தது. போனில் சொல்ல மனம் வராமல் நேராகக் கடைக்குப் போனேன்.

அவர் ஒரு தையல்காரருக்குத் திரைத் துணி ஏழு மீட்டர் அளந்துகொண்டிருந்தார். "மூணு... நாலு..."

"என்னங்க, உத்தரவு வந்துடுச்சு" என்றேன்.

நிமிரவில்லை. "அஞ்சு... அஞ்சு... ஆறு..."

"அண்ணே, அஞ்சு ரெண்டு தடவை வந்துடுச்சு" என்றார் தையல்காரர்.

"இருங்க" என்று துணியைச் சுருட்டி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை மூன்றிலேயே நின்றுவிட்டார். இரண்டு கையிலும் துணியைப் பிடித்தபடி அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவருக்குக் கணக்குத் தவறி நான் பார்த்ததில்லை.

"எனக்கு வரலம்மா" என்றார் மெதுவாக. "நீ வந்து எண்ணு."

பையைக் கீழே வைத்துவிட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் போனேன். அவர் துணியை இழுத்து இழுத்துப் பிடிக்க, நான் ஒன்றிலிருந்து எண்ணினேன்.